முறத்துக்குச் சொல் உண்டு, பொறிக்கு இல்லையா?

மருந்துப் புட்டிகளுக்கு மூடியிடும் தொழிற்சாலை ஒன்றினுள் நுழைவோர் கண்ணை முதலில் கவர்வது ஓர் எஃகுக் கிண்ணமே. அகன்ற வாயுடைய அக்கிண்ணத்தினுள் ஆயிரக்கணக்கான மூடிகளைக் கூடைகூடையாகக் கொட்டுகின்றனர். மல்லாந்து விழுந்தது எது, கவிழ்ந்து விழுந்தது எது, ஒருக்களித்துக் கிடப்பது எது என்று எவரும் பார்ப்பதில்லை. கிண்ணம் மெல்ல அதிர்கின்றது. மூடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரையொட்டிய சுருள்வழியில் ஏறுகின்றன. வெளியே வரும்போது அவையனைத்தும் ஒரே முகமாய், ஒரே நிரையாய், பள்ளிச் சிறார் அணிவகுப்பதுபோல் வந்து ஊர்பட்டையின்மேல் அமர்கின்றன. தொட்டுத் திருப்பிய கையும் இல்லை. பார்த்துப் பொறுக்கிய கண்ணும் இல்லை!

அப்பொறியருகே நிற்கும் தமிழ்த் தொழிலாளியிடம் அதன் பெயர் யாது என்று வினவினால், 'பவுல் பீடர்' என்பார். அஃது என்ன செய்கின்றது என்றால், 'ஓரியண்ட் பண்ணுது' என்பார். அதன் பொருள் என்ன என்று மேலும் வினவினால், சற்றே தயங்கி, ஒரு மூடியைக் கையிலெடுத்துக் கவிழ்த்தும் நிமிர்த்தும் காட்டுவார். அவர் அறியாதவர் அல்லர். பொறியின் நாடித்துடிப்பை அவர் கை அறியும். ஓசை மாறிய அளவிலேயே பழுது எங்கென்று அவர் செவி சொல்லும். கை அறிந்ததை வாய் சொல்லத் தமிழ்ச்சொல் ஒன்று அவருக்குத் தரப்படவில்லை. அக்குறை அவருடையதன்று, தமிழுக்கு உரியோம் என்று மார்தட்டும் கற்றோருடையது.

இப்பொறி செய்யும் பணி யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். சிப்பமிடும் பொறி குருட்டுப் பொறி. அது தீப்பெட்டியை அடைப்பதாயினும், திருகாணியை முடுக்குவதாயினும், மாத்திரையை உறையிலிடுவதாயினும், தன்னிடம் வரும் பொருள் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில், ஒரே முகமாய் வரவேண்டும் என்றே எதிர்பார்க்கின்றது. ஒன்று தலைகீழாய் வந்தாலும் முழுவரிசையும் தடைப்படும். ஆகலின் குவியலாய்க் கிடப்பனவற்றுக்கு இரண்டு ஒழுங்குகள் தேவை. குவியலை ஒன்றொன்றாகப் பிரித்து வரிசையாக்குதல் ஒன்று. அவ்வரிசையில் உள்ளவற்றையெல்லாம் ஒரே பக்கம் பார்க்கச் செய்தல் மற்றொன்று. முன்னதை நிரைத்தல் என்றும், பின்னதை முகப்படுத்தல் என்றும் தமிழில் கூறலாம். எண்ணிப் பார்த்தால் இவ்விரண்டையும் மூன்று அகவைக் குழந்தையும் விளையாட்டாய்ச் செய்துவிடும். ஆனால் இதனைப் பொறிக்குக் கற்றுக்கொடுக்க மேலைநாட்டுப் பொறிஞர் பட்ட பாடு சிறிதன்று. செப்பிரே பூத்திராயிடு என்னும் அறிஞர், இரெட்பர்டு என்பவருடன் இணைந்து 1968இல் பொறிவழி உறுப்புப் பொருத்துதல் பற்றித் தனிநூலே எழுதினார். சிற்றுறுப்புகளை ஊட்டுதலும் முகப்படுத்தலும் தனியொரு கல்வித்துறையாகவே வளர்ந்தன.

கிண்ணத்தின் இயக்கம் எளிது. எளிதாதலே அதன் அழகு. கிண்ணம் சாய்வாக நிறுத்தப்பட்ட வில்தகடுகளின்மேல் அமர்ந்துள்ளது. அடியில் ஒரு மின்காந்தம். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. சுழற்சி ஒவ்வொன்றிலும் காந்தம் இருமுறை இழுக்குமாகலின், கிண்ணம் நொடிக்கு 100 முறை அதிரும். தகடுகள் சாய்ந்திருப்பதால் கிண்ணம் மேல்கீழாக மட்டும் அசையாது. சற்றே முறுகியும் அசையும். ஒவ்வோர் அதிர்விலும் உள்ளிருக்கும் பொருள் மயிரிழையளவு மேலெழுந்து, மயிரிழையளவு முன்சென்று விழும். நொடிக்கு நூறு சிறு தாவல்! காண்போர் கண்ணுக்குத் தாவல் தெரியாது. பொருள்கள் மேட்டில் ஒழுகி ஏறுவதாகவே தோன்றும்.

இனி, முகப்படுத்தும் நுட்பம். சுருள்வழியின் மேலே ஓரிடத்தில் ஒரு தகடு குறுக்கே நீண்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றேறி வருவனவற்றையும் நெட்டுக்குத்தாய் நிற்பனவற்றையும் அது தட்டிவிடும். அதனையடுத்து வழி குறுகும். இரண்டு இணையாய் வந்தால் ஒன்று கீழே விழும். மூன்றாவதாக, வழித்தளத்தில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, நடுவில் நாக்குப்போல் ஒரு துண்டை மட்டும் விட்டிருப்பர். அடி கீழாய் மல்லாந்து வரும் மூடி, தன் தட்டையான அடி அந்நாக்கின்மேல் தாங்கப்பெற்று அவ்விடத்தைக் கடந்துவிடும். வாய் கீழாய்க் கவிழ்ந்து வரும் மூடிக்கோ, விளிம்பைத் தாங்க அங்கே ஒன்றுமில்லை. அது சாய்ந்து கிண்ணத்தின் அடியில் விழும். விழுந்தது கெட்டழிவதில்லை; மீண்டும் சுருள்வழியில் ஏறும். அடுத்த முறை மல்லாந்து வந்தால் கடந்துபோகும். பொறி எதனையும் வலிந்து திருப்புவதில்லை; ஒவ்வாத நிலையைக் கழித்து, ஒத்த நிலையை மட்டும் செல்லவிடுகின்றது.

பொருளின் வடிவத்திற்கேற்ப வழியின் வடிவமும் மாறும். தலையுடைய திருகாணிக்கு, தண்டைவிட அகலமும் தலையைவிட ஒடுக்கமும் உடைய ஒரு பிளவு போதும். தண்டு பிளவினுள் இறங்க, தலை மேலே தொங்க, திருகாணிகள் வௌவால்கள்போல் வரிசையாய்த் தொங்கிச் செல்லும். இரு பாதியாய் அமைந்த மருந்துக் கூடுகளில் மூடிப்பாதி சற்றே பருத்தது. உடற்பாதி சற்றே சிறுத்தது. ஒடுங்கிய பள்ளத்தில் பருத்த பாதி மட்டும் பிடிபட, கூட்டைத் தள்ளினால் அஃது எப்போதும் ஒரே பக்கம் திரும்பும். கண்ணுக்கு எளிதில் புலனாகாத அவ்வேறுபாடே முகப்படுத்தற்குப் போதுமானதாகின்றது.

இவையெல்லாம் தமிழர்க்குப் புதியனவா?

முறத்தை எண்ணிப் பார்க்கட்டும் தமிழ்மக்கள். நெல்லையும் பருப்பையும் எள்ளையும் முறத்திலிட்டுத் தமிழ்ப்பெண்டிர் செய்யும் அசைவு ஒன்றன்று. மேலே தூக்கியெறிந்து ஏந்திப் பதரைப் போக்குதல் புடைத்தல். மெல்ல அசைத்து நுண்ணியதையும் பரியதையும் பிரித்தல் தெள்ளுதல். குலுக்கித் தள்ளிக் கல்லையும் குறுநொய்யையும் ஒதுக்குதல் கொழித்தல். பக்கவாட்டில் அலைத்து அரிசியையும் நெல்லையும் வேறாக்குதல் நாவுதல். நுனிவழியே மெல்ல மெல்ல எற்றிக் கழித்தல் நேம்புதல். இவற்றுக்கு மேலும் காற்றுக்கெதிரே தூற்றுதல், கண்ணறைக் கருவியில் சலித்தல், நீரிலிட்டுக் கல் அரித்தல் என வரிசை நீளும். ஊருக்கு ஊர் இச்சொற்களின் பொருள் சற்றே வேறுபடலாம். ஆயினும் ஒவ்வோர் அசைவையும் ஏனையவற்றினின்று பிரித்துக் கண்டு பெயரிட்ட நுட்பம் எங்கும் ஒன்றே. இச்சொற்களை ஆக்கியவர் புலவர் அல்லர், பல்கலைக்கழகத்தார் அல்லர், முற்றத்தில் முறத்தோடு அமர்ந்த பெண்டிர்!

சிறுசிறு எற்றல்களால் பொருளை நகர்த்துதலும், நகரும்போதே வேண்டாததை விலக்குதலும் முறத்தின் நெறி. அதிரும் கிண்ணத்தின் நெறியும் அதுவே. முறம் எடையையும் பருமையையும் கொண்டு பிரிக்கின்றது. கிண்ணமோ கிடையையும் முகத்தையும் கொண்டு பிரிக்கின்றது. இவ்வேறுபாடு உண்மையே, அதனை மறைத்து, 'எல்லாம் அன்றே தமிழரிடம் இருந்தது' என்று கூறுதல் வெற்றுப் பெருமையாகும். கிண்ணத்தைத் தமிழர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அக்கிண்ணத்தைப் பற்றிப் பேசுதற்குரிய வினைச்சொல் வளம் தமிழரிடம் கண்டுபிடிப்புக்கு முன்பே இருந்தது. இருந்ததைக் கொண்டு பேசாமல் விட்டதே குற்றம்.

இக்குற்றத்தின் கூலியைக் கொடுத்தவர் யார் என்பதைச் சிவகாசியில் காணலாம். கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் அங்கே அத்தொழிலைத் தொடங்கினர். வறண்ட நிலத்து மக்களுக்கு அது சோறிட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் தீக்குச்சிக்கு மருந்து தோய்க்குமுன், குவியலாய்க் கிடக்கும் குச்சிகளை ஒன்றையொன்று தொடாதவாறு சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்கவேண்டும். நிரைத்தலும் முகப்படுத்தலுமாகிய அப்பணியையே பல்லாண்டுகள் சிறுவர் சிறுமியரின் மெல்விரல்கள் செய்தன. பள்ளிக்கூட மணி ஒலிக்கும் நேரத்தில் அப்பிஞ்சு விரல்கள் குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தன.

பொறியில்லாத குறையா? அன்று! சுவீடன் நாட்டு யோன்சோப்பிங்கு நகரில் அலெக்சாண்டர் இலாகர்மன் என்பார், குச்சியை அடுக்குவது முதல் பெட்டியில் நிறைப்பது வரை தானே செய்யும் முழுப்பொறியை 1892இலேயே அமைத்துவிட்டார். சுவீடன் முதலீட்டில் எழுந்த விம்கோ நிறுவனம் பொறிவழித் தீப்பெட்டித் தொழிற்சாலையைச் சென்னையை அடுத்த திருவொற்றியூரிலேயே நடத்தியது. ஒரே தமிழ்நிலத்தில் ஒருபுறம் பொறி அடுக்கியது; மறுபுறம் பிள்ளை அடுக்கியது. பிள்ளையின் விரல் பொறியைவிட மலிவாயிருந்தமையே இதற்குக் கரணியம். தீப்பெட்டித் தொழிலில் சிறாரை அமர்த்துதல் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. குச்சியடுக்கும் பொறிகளும் பின்னர் அவ்வட்டாரத்தில் பெருகின.

குச்சியடுக்குதல் பொறிக்குப் போனதைக் குறித்துத் தமிழுணர்வாளர் எவரும் கண்ணீர் வடிக்கலாகாது. கைத்தொழிலின் பழமை என்னும் பெயரால் பிள்ளைகளின் துயரைப் போற்றுவது தமிழ்ப்பற்றன்று. பொறி வரட்டும், வரவேண்டும். ஆனால் ஒன்றைக் கருதவேண்டும். கை அடுக்கியவரை 'அடுக்குதல்' என்னும் தூயதமிழ்ச் சொல் தொழிற்கூடத்தினுள் வாழ்ந்தது. பொறி வந்தவுடன் அச்சொல் வெளியே துரத்தப்பட்டு, 'பில்லிங்', 'பீடிங்' என்பன உள்ளே வந்து அமர்ந்தன. துன்பமான வேலைக்குத் தமிழ்ப்பெயர். துன்பம் நீக்கும் பொறிக்கு ஆங்கிலப் பெயர்! இதனைக் கேட்டு வளரும் பிள்ளை எதனைக் கற்றுக்கொள்ளும்? தமிழ் என்பது வருந்தி உழைப்போர் மொழி, ஆங்கிலம் என்பது அறிந்து ஆள்வோர் மொழி என்றன்றோ கற்றுக்கொள்ளும்?

'பொறி அயல்நாட்டது, பெயரும் அயலதாக இருந்துவிட்டுப் போகட்டுமே' என்பர் சிலர். சப்பானியரும் இக்கிண்ணத்தை ஆங்கிலப் பெயராலேயே 'பார்ட்சு பீடர்' என்றழைக்கின்றனரே என்று சான்றும் காட்டுவர். சான்று மெய்யே, ஆனால் அரைச் சான்று. சப்பானியர் பெயரை மட்டுமே கடன் வாங்கினர். பொறியின் விளக்கநூல், பயிற்சிப் பாடம், பழுதுநீக்கும் குறிப்பு அனைத்தையும் தம் மொழியிலேயே எழுதிக்கொண்டனர். அதனால் விளைந்த பயனையும் பார்க்கட்டும். உறுப்பைத் தவறான முகமாய்ப் பொருத்தவே இயலாதவாறு அமைக்கும் முறையொன்றை 1960களில் சிகெயோ சிங்கோ என்னும் பொறிஞர் தொழிற்கூடங்களில் பரப்பினார். அதற்கு முதலில் வழங்கிய பெயர் 'அறிவிலியும் பிழைசெய்யாமை' என்னும் பொருளது. அது தொழிலாளரைப் புண்படுத்துமென்று உணர்ந்து, 'கைத்தவறு காத்தல்' என்னும் பொருள்படும் 'போக்கா யோக்கே' என்று மாற்றினர். தொழிற்கூடத்துப் பேச்சுமொழியில் பிறந்த அச்சொல்லை இன்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தம் நூல்களில் அப்படியே எடுத்தாள்கின்றனர். தன் மொழியில் சிந்தித்தவன் சொல் கடல் கடந்தது. பிறர் மொழியில் சிந்திப்பவனோ தன் ஊர்த் தொழிற்கூடத்திலும் இரவலனாகவே நிற்கின்றான்!

செருமானியரோ பெயரையும் கடன் வாங்கவில்லை. சுருள் என்னும் பொருளுடைய தம் சொல்லையும் கொண்டுசெல்வது என்னும் பொருளுடைய தம் சொல்லையும் இணைத்து, அப்பொறிக்கு வீட்டுப்பெயர் சூட்டிக்கொண்டனர். அப்பெயரைக் கேட்ட செருமானியச் சிறுவன் பொறியைக் காணாமலே அதன் உருவை ஓரளவு உணர்வான். 'பவுல் பீடர்' என்பதைக் கேட்ட தமிழ்ச் சிறுவன் எதனை உணர்வான்?

'தமிழில் பெயரிட்டால் நீளும். நாவில் நில்லாது' என்பது மற்றொரு தடை. இதில் தமிழ்ப்புலவர்பால் குற்றமில்லை என்று கூறிவிட முடியாது. அறையினுள் அமர்ந்து, பொறியைக் கண்ணாலும் காணாது, ஆங்கில அகராதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு தமிழ்ச்சொல்லை ஒட்டி, 'அதிர்வுவழி உறுப்புமுகப்படுத்து ஊட்டுப்பொறி' என்று தொடர்வண்டிபோல் நீட்டினால் தொழிலாளி அதனை ஏன் ஏற்கவேண்டும்? எண்ணெய்க் கறை படிந்த கையோடு, இரைச்சலின் நடுவே கூவியழைக்க ஏற்றதாய்ச் சொல் அமையவேண்டும். மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் அயற்சொற்களைக் களைவதோடு நிற்பதன்று. வாழுஞ் சொற்களைக் கண்டெடுத்து அவற்றிற்குப் புதுவேலை தருவதுமாகும். மொழிஞாயிறு பாவாணர் தம் வாழ்நாளெல்லாம் காட்டிய நெறியும், மக்கள் வழக்கில் புதைந்து கிடக்கும் வேர்களைத் தோண்டிக் காட்டியதே அன்றோ!

அந்நெறியில் சென்றால் பெயர்கள் தாமே வந்து வாய்க்கின்றன. அதிர்ந்து ஏற்றும் கிண்ணம் அதிர்கிண்ணம். அதன் சுவரிலேறும் பாதை சுருள்வழி. மேலேறி வருவனவற்றைத் தட்டிவிடும் தகடு தட்டுதகடு. மூடியைத் தாங்கும் துண்டு தாங்குநாக்கு. ஒவ்வாதது திரும்ப விழுதல் மீள்விழுகை. பொருளைக் கொட்டிவைக்கும் கலம் பெய்தொட்டி. கிண்ணத்தினின்று பெற்றுச் செல்வது ஊர்பட்டை. மூன்று நாள் வழங்கினால் இவை நாவில் படியும். இவற்றினும் நல்லனவற்றைத் தொழிலாளரே தரக்கூடும். தந்தால் புலவர் தம் சொல்லை விடுத்து அவர் சொல்லை ஏற்பதே முறை.

காலம் கிண்ணத்தோடு நிற்கவுமில்லை. சுவிட்சர்லாந்தின் உலோசான் நகரப் பல்கலைக்கழகத்தில் இரேமோன் கிளாவெல் என்பார் 1980களில் மூன்று மெலிந்த கைகள் ஒன்றுகூடிய பொறிக்கை ஒன்றை வடித்தார். இன்னட்டுத் துண்டுகள் போன்ற எடை குறைந்த சிறு பொருள்களை ஊர்பட்டையினின்று பொறுக்கிப் பெட்டியில் அடுக்குவது அதன் பணி. இன்று அத்தகைய பொறிக்கையோடு படக்கருவியும் கணினியும் சேர்ந்து, பொருள் எப்படிக் கிடந்தாலும் அதன் முகத்தைக் கண்டறிந்து திருப்பி வைக்கின்றன. குருட்டுப் பொறி கண்பெற்றுவிட்டது. கிண்ணத்திற்கே பெயரிடாது காலந்தாழ்த்தியவர், கண்பெற்ற பொறிக்கு எப்போது பெயரிடப் போகின்றனர்?

இது பெயர்சூட்டு விழாவோடு முடியும் செய்தியன்று. தொழிலாளியின் உடலையும் வாழ்வையும் தொட்ட செய்தி. தொழிற்சாலையில் மாட்டப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்கவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. ஆனால் சுவரில் தொங்கும் அறிவிப்பு வேறு. பொறியின் உள்ளத்தைத் திறந்துகாட்டும் விளக்கநூல் வேறு. விளக்கநூல் ஆங்கிலத்தில் பூட்டிக் கிடக்கும்வரை, பத்தாண்டு பொறியருகே நின்றவரும் உதவியாளராகவே நிற்பார். நூலைப் படிக்கவல்ல ஒருவர் வெளியூரிலிருந்து வந்து திருகைத் திருகிவிட்டுப் பன்மடங்கு கூலி பெற்றுச் செல்வார். அறிவு இங்கே, அதற்கான விலை அங்கே!

கல்விக்கூடத்திலும் இதே நிலை. பொறியியலின் கட்டடத் துறையும் எந்திரத் துறையும் 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. சேர்வோர் குறைவென்று கூறி, உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவை நிறுத்தப்படும் என்று 2023இல் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பெழுந்தபின் அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதைக் கொண்டாடி அமைந்துவிடுதல் போதாது. தமிழ்வழிப் படித்து வெளிவரும் இளைஞன் தொழிற்சாலையினுள் நுழைந்ததும், அங்கே ஒரு பலகையும் ஒரு குறிப்பும் தமிழில் இல்லையெனில் அவன் படிப்பை யார் மதிப்பர்? வேலைக்கூடம் தமிழாகாமல் வகுப்பறை மட்டும் தமிழாதல், வேரில்லாமல் கிளையை நடுவது போலாகும்.

ஆகலின் செய்யத்தக்கவை இவை. தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு பொறிக்கும் தமிழ் விளக்கநூல் இணைத்தே தரப்படவேண்டும் என்று அரசு விதிக்கவேண்டும். கோவையிலும் ஒசூரிலும் அம்பத்தூரிலும் பொறி செய்யும் தமிழ் முதலாளிமார், அரசு விதிக்கும்வரை காத்திராமல், தாம் செய்யும் பொறியின் பெயர்ப்பலகையைத் தமிழில் பொறிக்கவேண்டும். தமிழாசிரியர்களும் புலவர்களும் விடுமுறை நாளிலேனும் தொழிற்கூடங்களுக்குச் சென்று, பொறியருகே நின்று, தொழிலாளர் வாய்ச்சொற்களைக் குறித்துக்கொண்டு வரவேண்டும். மாணாக்கரையும் உடனழைத்துச் செல்வது இன்னும் நன்று. முற்றத்தில் முறம் புடைக்கும் மூதாட்டியிடம் அவள் ஒவ்வோர் அசைவுக்கும் வழங்கும் சொல்லைக் கேட்டு எழுதிவைப்பதும் அப்பணியின் ஒரு பகுதியே. அம்மூதாட்டியர் மறையுமுன் அது நடந்தேறவேண்டும். ஆலையரிசி தூய்மையாகவே வந்துவிடும் வீட்டில் நாவுதலும் நேம்புதலும் அறியாத பேத்திமாரே இன்று வளர்கின்றனர்.

அதிர்கிண்ணத்தில் தவறி விழுந்த மூடி கிண்ணத்திற்கு வெளியே எறியப்படுவதில்லை. மீண்டும் ஏற அதற்கு வழி திறந்தே இருக்கின்றது. பொறிக்குத் தமிழ்ப்பெயர் இடுவதில் ஒருமுறை தவறினோம் என்பதற்காக மறுமுறை ஏறாதிருத்தல் மானமுடையோர் செயலன்று. அடுத்த பொறி இன்றோ நாளையோ தமிழ்நாட்டுத் தொழிற்கூடம் ஒன்றின் வாயிலில் வந்து இறங்கும். அதனை இறக்கிவைக்கும் தமிழன் அதன் பெயரைத் தமிழில் சொல்லி இறக்கட்டும்!